பத்தினி வளைவுக்குப் பக்கத்தில்

யூன்புவில் மழை பிடித்துப் பதினோரு நாளாகியிருந்தது. பிளம் பழுக்கிற காலத்து மழை அடித்துப் பெய்யாது, விட்டும் தொலையாது. சுவரில் ஊறி, அரிசிப் பானையில் ஊறி, கடைசியில் மனுஷனின் முழங்காலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரே அதைத் திட்டும். லாமெய் மட்டும் திட்ட மாட்டாள். அவள் பிழைப்பே அந்த ஈரத்தில்தான் இருந்தது.

மூங்கில் தட்டியில் வைக்கோல் பரப்பி, விரல் நீளத்துக்கு வெட்டிய தோஃபுத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, ஈரத் துணியால் மூடி வைப்பாள். நாலாம் நாள் துணியை விலக்கினால் துண்டுகளின் மேல் வெள்ளை வெளேரென்று பூஞ்சை முளைத்துப் பூனைக்குட்டி மாதிரி கிடக்கும். அதைத் தட்டைச் சட்டியில் கடுகெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்கப் பொரித்து, மேலே மிளகாய் விழுது தடவிக் கொடுப்பாள். பஞ்சுத் தோஃபு என்றால் யூன்புவில் அவள் வீட்டு வாசல்தான். செங் வம்சத்தில் மறுமணம் செய்யாமலே வாழ்ந்த ஒரு விதவைக்கு அந்தக் காலத்தில் கல்லில் எழுப்பிய பத்தினி வளைவுக்கு அடுத்த மூன்றாவது வாசல்.

அன்றைக்குக் காலையில் மஞ்சள் தொப்பி போட்ட சுற்றுலாக் கூட்டம் ஒன்று வந்தது. தோஃபு வாங்கத்தான் வருகிறார்கள் என்று லாமெய் அடுப்பைத் தூண்டினாள். முன்னால் வந்த பெண் குடையை மடக்கிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"நீங்கதானேம்மா அது? உங்ககூட ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"எது நான்?"

"அதான், அந்தப் பலகையில இருக்கிற பத்தினி. இந்தக் காலத்துலயும் இப்படி ஒருத்தங்களான்னு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

பின்னால் வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இவங்கதான் இந்தக் குடும்பத்தோட இன்றைய மருமகள். இன்னொரு ஆணை ஏறெடுத்தும் பார்க்காதவங்க. தயவுசெஞ்சு வரிசையா வாங்க, தள்ளாதீங்க."

லாமெய் சட்டுவத்தைக் கையில் பிடித்தபடியே எழுந்து நடந்தாள். தலையில் மழை விழுந்தது.

வளைவின் இடப்பக்கத் தூணை ஒட்டி, முந்தின நாள் வரை இல்லாத ஒரு பலகை நின்றது. கதவைவிட உயரம். அதில் பாதி அவள் முகம். இளவேனிலில் ஒரு புகைப்படக்காரன் வந்து, "தோஃபு பத்தி ஒரு படம்" என்று சொல்லி எடுத்துப்போன படம் அது. பழைய தெருவை எடுத்து நடத்துகிற சுற்றுலா நிறுவனத்தின் கிடங்கிலிருந்து மாவரைக்கும் கல் ஒன்றைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, அதன் கைப்பிடியை அவளைப் பிடிக்கச் சொன்னான். "எங்கிட்ட கரன்ட் மெஷின் இருக்குப்பா" என்றாள். "மெஷின் படத்துல நல்லா இருக்காதுக்கா, கொஞ்சம் தலையைக் குனிங்க" என்றான். குனிந்தாள். குனிந்தது எதற்கென்று இப்போது தெரிந்தது.

படத்தின் கீழே பெரிய எழுத்தில் இருந்தது:

"இருநூற்றைம்பது ஆண்டுகளாக வாழும் நெறி. செங் குடும்பத்து மருமகள் லாமெய் இருபத்தாறு வயதில் கணவனை நோய்க்குப் பறிகொடுத்தார். மறுமணம் என்ற சொல்லையே காதில் வாங்காமல், மாமியாரைத் தாயாகப் பேணி, முன்னோர் காலத்துக் கல்லில் அரைத்துத் தோஃபு செய்து வாழ்கிறார். அன்றைய பத்தினியின் இரத்தம் இவர் உடலில் ஓடுகிறது."

அவள் செங் வீட்டில் பிறந்தவளே இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். புருஷன் போனபோது அவளுக்கு முப்பத்தாறு வயது, பத்தைக் குறைத்திருந்தார்கள். பெற்று வளர்த்து வூஹூவில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுமணம் என்ற சொல்லையோ, போன வருஷத்திலிருந்து அவள் காதில் வாங்கிக்கொண்டேதான் இருந்தாள். மழை விட்டதும், ஆறாம் மாதம் எட்டாம் தேதி, வட்டார அலுவலகத்தில் பதிவு செய்வதாக முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை ஓடு மாற்றுகிற பாவ்கென்.

அது ஆரம்பித்ததும் இதே மழையில்தான். போன வருஷம் மாமியார் சாய்லானின் கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. மூன்று நாள் வேலை என்று ஏறிய பாவ்கென் பதினோரு நாளாகியும் இறங்கவில்லை. இன்றைக்கு ஒரு ஓடு, நாளைக்கு ஒரு ஓடு. மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, அதன் மேல் மூங்கில் குருத்தும் உப்புப் பன்றியும். எழுபத்தொரு வயதுக் கிழவி கீழே படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் கூரையைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏம்ப்பா, ஓடு மாத்த வந்தியா, ஓட்டுக்குத் தாலாட்டுப் பாட வந்தியா? கேக்கறதுன்னா கீழ இறங்கி வந்து மூஞ்சியப் பாத்துக் கேளு."

இறங்கி வந்து கேட்டான். கிழவி வைத்தது ஒரே நிபந்தனை: லாமெயை அவன் கூட்டிப் போகக் கூடாது, அவன்தான் இங்கே வந்து இருக்க வேண்டும். "மகன் போயிட்டான். மருமகளையும் அனுப்பிட்டு நான் யாருகூடச் சண்டை போடுவேன்?" என்றாள். இந்த இளவேனிலில் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கென்று சிவப்பு உறை போட்ட ரெட்டை மெத்தைப் போர்வையைத் தன் கையால் தைத்து முடித்திருந்தாள்.

லாமெய் வீட்டுக்குத் திரும்பியபோது கிழவி வாசலில் குடையோடு தயாராக நின்றிருந்தாள். எதிர்வீட்டுச் சாமந்தித் தேநீர்க் கடை யின்ஹுவா அதற்குள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"உன் படம் போட்டிருக்கானாமே. வா, படிச்சுக் காட்டு."

"மழையில எதுக்கு அத்தை? நான் சொல்றேனே."

"நீ சொல்லுவ, பாதிய முழுங்கிட்டுச் சொல்லுவ. எனக்கு எழுத்துதான் தெரியாது, கண்ணு தெரியும். ஒவ்வொரு எழுத்தா விரலை வெச்சுப் படி."

வளைவின் கீழே நின்று, ஈரப் பலகையில் விரலை ஓட்டி லாமெய் படித்தாள். "இருபத்தாறு வயதில்" என்றதும் கிழவி பக்கென்று சிரித்தாள். "பரவால்லியே, உனக்குப் பத்து வருஷம் தள்ளுபடி குடுத்திருக்கான்." அடுத்த வார்த்தையில் சிரிப்பு நின்றது.

"என்ன படிச்ச?"

"நோய்க்குப் பறிகொடுத்தார்னு போட்டிருக்கு அத்தை."

"யாருக்கு நோய்?"

லாமெய் பலகையிலிருந்து விரலை எடுத்தாள்.

"என் பிள்ளைக்கா? தியான்ஷெங்குக்கா? பொறந்ததுலேருந்து ரெண்டு நாள் சேர்ந்தாப்ல படுத்ததில்ல அவன். பனியில சட்டையில்லாம மரம் தூக்குவான். அவனுக்கா நோயி?"

கிழவி திரும்பித் தெருவின் வடக்குக் கோடியைப் பார்த்தாள். அங்கே மழைக்குள் வடக்கு வாசல் கோபுரம் நின்றது. பழைய கோபுரத்தை அவள் வாலிபத்தில் இடித்துச் செங்கல்லைப் பன்றித் தொழுவத்துக்கு எடுத்துப் போனார்கள். இது ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சுற்றுலாவுக்காகக் கான்கிரீட்டில் எழுப்பி, மேலே சாம்பல் கல் ஒட்டிய கோபுரம். நுழைவுச் சீட்டில் மட்டும் அறுநூறு வயது போட்டிருக்கும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்று பனிக்காலத்தில் சாரம் வழுக்க வழுக்க வேலை வாங்கினார்கள். மேல் உத்தரத்தைப் பூட்டிக்கொண்டிருந்த தச்சன் செங் தியான்ஷெங் மூன்றாம் தளத்திலிருந்து விழுந்தான். தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் காதுக்குப் பின்னால் செருகிய பென்சில் அப்படியே இருந்தது. துக்கம் ஆறுமுன்னே நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்து, ஒரு தாளில் மருமகளிடம் கையெழுத்தும் மாமியாரிடம் கைநாட்டும் வாங்கிப் போனார்கள். அன்றைக்கு அதைப் படித்துப் பார்க்கிற நிலையில் இரண்டு பேருமே இல்லை.

"என் பிள்ளை விழுந்து செத்தான்." கிழவி பலகையைக் குடைக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினாள். "இவனுங்க வேலையில செத்தான். வா, எங்க இருக்கான் அந்த மேனேஜரு?"

சுற்றுலா நிறுவனத்து மேனேஜர் ஃபாங், ஹெஃபெய் நகரத்திலிருந்து வந்தவன். முப்பத்தைந்து வயது இருக்கும். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தன் கையாலேயே தேநீர் ஊற்றினான்.

"லாமெய் அக்கா, நானே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். பலகை எப்படி இருக்கு? ஒரே நாள்ல எத்தனை பேரு உங்க படத்தைப் போன்ல பகிர்ந்திருக்காங்க தெரியுமா?"

"என்னைக் கேக்காம என் மூஞ்சிய வெச்சிருக்கீங்களே."

"படம் எடுக்கச் சம்மதிச்சீங்களே அக்கா."

"தோஃபுன்னு சொன்னாரு. தோஃபுவுக்குச் சம்மதிச்சேன். பத்தினிக்குச் சம்மதிக்கல."

ஃபாங் சிரித்தான். "பாராட்டுத்தானே? திட்டியா எழுதியிருக்கோம்?"

"இருபத்தாறு வயசுன்னு இருக்கு. மீதிப் பத்து வருஷத்தை எங்க தொலைச்சீங்க? எனக்கு ஒரு மக இருக்கா, அவ எங்க?"

"கதைன்னா கொஞ்சம் சுருக்கமா இருக்கணுமில்லையா? வர்றவங்க அந்த வளைவு முன்னால நிக்கிறது நாலு நிமிஷம். அதுக்குள்ள அவங்க மனசைத் தொடணும்."

இதுவரை தேநீரைத் தொடாமலிருந்த கிழவி கேட்டாள். "என் பிள்ளை எந்த நோயில செத்தான், தம்பி?"

ஃபாங்கின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் லாமெய் பக்கம் போனது. "பாட்டி, அது ஒரு பொது வார்த்தை."

"அந்த வார்த்தைய எடுத்துடு. கோபுரத்துலேருந்து விழுந்தான்னு போடு. பேரையும் போடு. செங் தியான்ஷெங். தச்சன். அவ்வளவுதான் நான் கேக்கறது. அவளைப் பத்தினின்னு போடு, தேவதைன்னு போடு, அது உங்க பாடு அவ பாடு."

"அதைப் போட முடியாது பாட்டி. அந்த விஷயம் பத்தி வெளிய பேசறதில்லைன்னு நீங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுத்திருக்கீங்க. ஃபைல்ல இருக்கு. நான் அப்ப இங்க இல்ல. ஆனா பேசினா வக்கீலுங்க சும்மா இருக்க மாட்டாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"செத்தவன் எப்படிச் செத்தான்னு பெத்தவ சொல்லக் கூடாதா?"

"வீட்டுக்குள்ள தாராளமா சொல்லலாம்."

லாமெய் எழுந்து நின்றாள். "சரி மேனேஜர், இன்னொண்ணும் கேட்டுக்குங்க. நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். ஆறாம் மாசம் எட்டாந்தேதி. மறுமணம்னா என்னன்னே தெரியாதவன்னு என்னைப் பத்தி எழுதியிருக்கீங்க. எனக்கு நல்லாத் தெரியும். மாப்பிள்ளை பேரு பாவ்கென்."

ஃபாங் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தான். அது அவனுக்குத் தெரியாத சேதி.

"வாழ்த்துக்கள் அக்கா. மனசாரச் சொல்றேன். ஆனா ஆறாம் மாசம் மூணாம் வாரம் சுற்றுலாத் தர ஆய்வுக் குழு வருது. ஊருக்கே ஒரு படி ஏத்தம் கிடைக்கப் போகுது. ஒரு வருஷம் தள்ளிப் போடுங்களேன். ஒண்ணா இருங்க, யாரு கேக்கப் போறா? பதிவு மட்டும் வேணாம். அவரு பின்பக்கக் கதவால வந்து போகட்டும்."

"அப்ப நான் பின்பக்கக் கதவால புருஷனை உள்ள விடணும், முன்பக்கம் பத்தினியா நிக்கணும்."

"நீங்க தப்பா எடுத்துக்கறீங்க."

"வேற எப்படி எடுத்துக்கறது, நீங்களே சொல்லுங்க."

ஃபாங் எழுந்து கதவைத் திறந்துவிட்டான். வெளியே வரும்போது கிழவி தன் கிண்ணத்துத் தேநீரை வாசல் பூந்தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் பாவ்கென் வந்தான். கிழவி கல்லப்பம் சுட்டாள்: உப்புக் கீரையும் கொழுப்பும் அடைத்த மாவுத் தட்டை, மேலே கனமான கல்லை வைத்து அழுத்திச் சுடுவது. அன்றைக்கு அந்தக் கல்லைக் கொஞ்சம் ஓங்கியே வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் பாவ்கென் முதலில் சிரித்துவிட்டான்.

"என் பொண்டாட்டி போய்ப் பன்னெண்டு வருஷமாச்சு. நானும் ஒழுங்காத்தான் இருந்தேன். எனக்கு ஒரு செங்கல்கூட நடலையே இந்த ஊர்ல?"

"நட்டிருந்தா அதுலயும் ஏறி ஓடு மாத்தியிருப்ப" என்றாள் கிழவி.

அப்புறம் அவன் சத்தம் இறங்கியது. "லாமெய், எதுக்கும் ஒரு வார்த்தை. பழைய தெருவுல எந்தக் கூரையத் தொடணும்னாலும் அந்த ஆபீஸ்ல அனுமதி வாங்கணும். அவங்க மொறைச்சா எனக்கு இந்த ஊர்ல ஏணி வைக்க இடமில்ல. ஒரு வருஷம்தானே..."

லாமெய் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஒரு வருஷம்தானே. அப்புறம் இன்னொரு ஆய்வு வரும். அப்புறம் திருவிழா வரும். அந்த வளைவு யாருக்கு வெச்சது தெரியுமா உனக்கு? கல்லுல 'செங் வீட்டு ஹு'ன்னு இருக்கு. பொறந்த வீட்டுக் குடும்பப் பேரு மட்டும். அவ சொந்தப் பேருகூட ஒருத்தனுக்கும் தெரியாது. பத்தொன்பது வயசுல தாலியறுத்து, நாப்பத்தோரு வருஷம் இந்தத் தெருவுல உக்காந்திருந்தா. அவளையும் யாரோ ஒருத்தன் 'ஒரு வருஷம்தானே'ன்னுதான் உக்கார வெச்சிருப்பான். நீ போ. யோசிச்சுட்டு வா. வர்றதுன்னா முன்வாசல்ல வா."

அவன் தின்னாத அப்பத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எட்டாம் தேதி வந்தது, போனது. அன்றைக்கு லாமெய் வழக்கத்தைவிட இரண்டு பங்கு சோயா ஊறவைத்து, கை வலிக்க வடிகட்டி, மூன்று தட்டி தோஃபு அடுக்கினாள். கிழவி எதிரே உட்கார்ந்து துணியைப் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பலகைக்கு முன்னால் கூட்டம் நாளுக்கு நாள் கூடியது. சிலர் ஊதுபத்தி கொளுத்தி வைத்தார்கள். ஒருத்தர் தன் மருமகளைக் கூட்டிவந்து லாமெயைக் காட்டி, "பாத்துக்க" என்றார். அந்த மருமகள் பார்த்த பார்வையில் லாமெய்க்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

ஆய்வுக் குழு வருகிற அன்று மழை விட்டது. இருபத்து நாலு நாள் கழித்துக் காலையில் சூரியன் பளீரென்று ஏறினான். பழைய தெரு முழுக்க ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. அந்த மழை முடிந்த முதல் வெயிலில் மெத்தையையும் போர்வையையும் காயப்போடாவிட்டால் வருஷம் முழுக்கப் பூஞ்சை வாடையில்தான் படுக்க வேண்டும். ஆனால் முந்தின நாளே நிறுவனத்திலிருந்து ஒரு அறிவிப்பை வீட்டுக்கு வீடு ஒட்டியிருந்தார்கள்: ஆய்வு முடியும்வரை தெருவில் துணி, மெத்தை, தானியம், மீன் எதையும் உலர்த்தக் கூடாது.

யின்ஹுவா அதைப் படித்துவிட்டு வாசலில் நின்று கத்தினாள். "என் தலகாணியில காளான் முளைச்சு நிக்குது. பறிச்சா ஒரு வேளைக் குழம்பு வைக்கலாம். இன்னிக்குக் காயப்போடாம எப்ப போடுறது? சூரியனையும் இவனுங்கதான் வாங்கி வெச்சிருக்கானுங்களா?"

"சத்தம் போடாதடி, வந்துருவாங்க."

"வரட்டுமே."

சாய்லான் உள்ளே போனாள். பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது நெஞ்சோடு அணைத்து அந்தச் சிவப்பு ரெட்டைப் போர்வையைக் கொண்டுவந்தாள். அவள் முகம் அதற்குப் பின்னால் மறைந்திருந்தது.

"எங்க அத்தை போறீங்க?"

"இதுவும் மழையில ஈரம் வாங்கியிருக்கு. வெயில் எங்க நல்லா விழுதுன்னு பாக்கறேன்."

வெயில் பலகையின் மேல் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் கிழவிக்கு அவ்வளவு உயரம் எட்டவில்லை. லாமெய் ஒரு முனையைப் பிடித்தாள், அவளுக்கும் எட்டவில்லை. இரண்டு பேரும் குதித்துக் குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெருக்கோடியிலிருந்து ஏணி ஒன்று வந்தது. ஏணிக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு பாவ்கென் வந்தான். முகச்சவரம் செய்திருந்தான். வந்தது முன்வாசல் தெரு வழியாகத்தான்.

"பன்னெண்டு நாளா எங்க போயிருந்த?" என்றாள் கிழவி.

"யோசிச்சேன் அத்தை."

"ஒரு ஓடு மாத்தறதுக்கே நீ அவ்வளவு நாள் எடுப்ப. ஏறு."

அவன் ஏறினான். போர்வையைப் பலகை முழுக்க மூடுமாறு விரித்து, நாலு மூலையிலும் கயிறு கட்டினான். அதைப் பார்த்துவிட்டு யின்ஹுவா தன் மெத்தையை எடுத்துவந்து தெருவுக்குக் குறுக்கே கொடி கட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி குழந்தையின் படுக்கையைக் கொண்டுவந்தாள். அரை மணி நேரத்தில் அறிவிப்பை யாருமே படிக்காதது போல் தெரு முழுக்கப் பூப்போட்ட மெத்தைகள் தொங்கின. காவலாளி இரண்டு பேர் ஓடிவந்து ஒன்றை அவிழ்த்தால் பின்னால் இரண்டு ஏறியது.

குழு வந்தது. ஐந்து பேர். முன்னால் நரைத்த தலையோடு ஒரு அம்மாள். கூடவே ஃபாங், நெற்றி வியர்த்து, குனிந்து குனிந்து மெத்தைகளுக்கு அடியில் வழிவிட்டுக்கொண்டு வந்தான். அந்த அம்மாள் வளைவின் முன் நின்று சிவப்புப் போர்வையைப் பார்த்தாள்.

"இது யாரோடது?"

"என்னுது" என்றாள் லாமெய். "கல்யாணப் போர்வை. கீழ இருக்கிற படமும் என்னுதுதான். விதவைன்னு போட்டிருக்கு. இவரைக் கட்டிக்கப் போறேன்."

பாவ்கென் ஏணியில் நின்றபடியே தலை குனிந்து வணங்கினான்.

குழுவில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஃபாங்கைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயைத் திறக்குமுன் சாய்லான் அவள் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"அம்மா, நான் இவ மாமியா. கல்யாணம் நான்தான் பண்ணி வெக்கிறேன். அது இருக்கட்டும். என் மகன் நோயில செத்தான்னு இதுக்கடியில எழுதியிருக்கு. அவன் அந்தா தெரியுது பாருங்க, அந்தக்..."

"பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்றான் ஃபாங். மூன்று நாலு பேர் சட்டென்று இடையில் வந்துவிட்டார்கள். ஒருத்தி கிழவியின் தோளை அன்பாக அணைத்து ஒதுக்கினாள். இன்னொருவன், "தேநீர் ஆறிடும், வாங்க, நேரமாச்சு" என்று குழுவை நகர்த்தினான். அந்த நரைத்த தலை அம்மாள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் போய்விட்டாள். கிழவி நீட்டிய விரல் வடக்கு வாசல் பக்கம் அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பொய்யென்று தெரிந்து கழற்றவில்லை, ஆள் உபயோகப்படாமல் போனதால் கழற்றினார்கள். அடுத்த வாரம் லாமெயின் வாசல் அடுப்பு "தெருவின் தோற்றத்துக்கு ஒவ்வாது" என்று கடிதம் வந்தது. பாவ்கெனுக்குப் பழைய தெருவில் கூரை அனுமதி கிடைக்கவில்லை. அவன் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்வர ஆரம்பித்தான். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் பதிவு செய்தார்கள். கிழவி சாட்சி. கைநாட்டு வைக்கச் சொன்னபோது அலுவலரிடம், "முதல்ல முழுசாப் படி, அப்புறம் வெக்கிறேன்" என்றாள். அவர் முழுசாகப் படித்தார். அப்புறம்தான் வைத்தாள்.

தோஃபுக் கடை வடக்கு வாசலுக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்துக்கு மாறியது. தட்டிகள் வீட்டில், அடுப்பு இங்கே. மாமியாரும் மருமகளும் காலையில் தள்ளுவண்டியில் கொண்டுவருவார்கள். தலைக்கு மேலே அந்தக் கோபுரத்தின் நிழல் மத்தியானம்வரை விழும். கிழவி அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

சாமந்தி பறிக்கிற காலத்தில் ஒரு மத்தியானம் இருபத்தெட்டு வயசுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பழங்காலத்து நீலச் சட்டை, கொண்டையில் வெள்ளைத் துணிப்பூ, காதோரம் சின்னதாக ஒரு மைக்கு. வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, நாலு துண்டு, மிளகாய் தூக்கலா" என்றாள். அதற்குள் போன் அடித்தது. மைக்கை அணைத்துவிட்டு எடுத்தாள்.

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். சின்னவன் மருந்து குடிச்சானா? நீ லாரியில தூங்காத, கீழ இறங்கிப் படு." போனை வைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தொழில் நேரத்துல புருஷனோட பேசக் கூடாதாம் அக்கா. யாராச்சும் பாத்துட்டா வேலை போயிரும்."

"என்ன வேலை?"

"பத்தினி வேலை. வளைவு கீழ உக்காந்து கல்லுல மாவு அரைக்கணும். பழைய ஆளு ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டாளாம். அதான் இப்ப வெளியூர்லேருந்து ஆள் எடுக்கறாங்க."

லாமெய் சட்டியைக் கிளறினாள். "ஓடல. நடந்துதான் போனேன்" என்றாள்.

அந்தப் பெண் ஒரு நிமிஷம் விழித்தாள். அப்புறம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். லாமெயும் சிரித்தாள். பேரு சூசென் என்றாள், பக்கத்து மாவட்டம், இரண்டு பையன்கள். தோஃபுவைத் தின்று முடித்து விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்:

"வேலை கஷ்டமில்லக்கா. கேள்விதான் கஷ்டம். கிழவிங்க வந்து, 'உன் புருஷன் பேரென்னம்மா, எப்படிப் போனான்'னு கேக்கறாங்க. நோய்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. என்ன நோய்னு திருப்பிக் கேட்டா நான் எங்க போறது? பேருக்கு எம்புருஷன் பேரைச் சொல்ல வாய் வரமாட்டேங்குது, உயிரோட இருக்கிறவன்."

இதுவரை அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த சாய்லான் திரும்பினாள்.

"நீ எதுலயாச்சும் கையெழுத்துப் போட்டிருக்கியா? கோபுரத்தைப் பத்திப் பேச மாட்டேன்னு?"

"எந்தக் கோபுரம் பாட்டி?"

கிழவி கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். லாமெய் அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள். கிழவி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். சூசென் முதலில் சிரித்த முகத்தோடு கேட்டாள், பிறகு கொண்டையிலிருந்த வெள்ளைப் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பஸ் ஒன்று வந்து ஆள் இறக்கிவிட்டுப் போனது. சூசென் எழுந்து, காதோர மைக்கைச் சரிசெய்துகொண்டு வளைவுக்குத் திரும்பினாள்.

அன்றைக்கே மூன்று மணிக்கு வந்த கூட்டம் உள்ளே போனது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வழக்கம் போல வந்துகொண்டிருந்தது, இருநூற்றைம்பது ஆண்டு, கற்பு, நெறி. நடுவில் யாரோ எதையோ கேட்டார்கள். அது இங்கே விளங்கவில்லை. சூசெனின் பதில் மட்டும் மைக்கில் தெளிவாக வந்தது.

"பேரு செங் தியான்ஷெங். தச்சு வேலை. நோயெல்லாம் இல்லம்மா, அந்த வடக்கு வாசல் கோபுரம் கட்டறப்ப மூணாவது மாடியிலேருந்து விழுந்தாரு. ஒன்பது வருஷமாச்சு. இல்லல்ல, அது அறுநூறு வருஷமெல்லாம் கெடையாது, சிமெண்டுதான். தட்டிப் பாருங்க."

ஒலிபெருக்கி கரகரத்து நின்றது. யாரோ அணைத்திருக்க வேண்டும்.

லாமெயின் சட்டியில் எண்ணெய் புகைந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நுழைவாயிலுக்குள்ளிருந்து மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வந்தவர்கள் பஸ்ஸுக்குப் போகவில்லை. கோபுரத்தின் அடியில் போய் நின்று, கைவிரலை மடக்கிச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்தார்கள்.

சாய்லான் முக்காலியைத் திருப்பிப் போட்டு, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கோபுரத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"லாமெய், யாராச்சும் கேட்டா நான் பேசக் கூடாது. கைநாட்டு வெச்சிருக்கேன்" என்றாள். "இங்கதான் விழுந்தான்னு கையை மட்டும் காட்டுறேன்."